பதில்: 6.6 கேவி ஐடி ஃபேனுக்கு எந்த டிரைவ்?

சார், சிமென்ட் ஆலை, 1500 கிலோவாட் ஐடி ஃபேன் (புகைவாயுவை இழுத்து வெளியேற்றும் விசிறி) மோட்டார், அதன் வேகத்தை மாற்றும் டிரைவ் 18 பல்ஸா, ஆக்டிவ் ஃப்ரண்ட் எண்டா (கரண்டை லைனுக்குத் திருப்பியும் அனுப்பக்கூடிய வகை), குளிர்விக்கக் காற்றா தண்ணீரா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஃபேன் கரண்டைத் திருப்பித் தரப்போவதில்லை. சரிவில் இறங்கும் கன்வேயர், சுரங்க ஹாயிஸ்ட் என்றால்தான் ஆக்டிவ் ஃப்ரண்ட் எண்டுக்குக் காசு கொடுக்கலாம். உங்களுக்கு 18 பல்ஸ் டயோடு ரெக்டிஃபையர் (ஏசியை டிசியாக்கும் பகுதி) போதும். 5, 7, 11, 13-ஆம் ஹார்மோனிக்ஸ் (டிரைவ் லைனில் கிளப்பும் வேண்டாத உப அலைகள்) டிரைவின் டிரான்ஸ்பார்மரிலேயே அடிபட்டுப் போகும். மிஞ்சுவது 17, 19தான்.

உண்மையான தலைவலி சூடு. டிரான்ஸ்பார்மரையும் சேர்த்து 3 சதவீத இழப்பு என்று வையுங்கள்: 45 கிலோவாட், அதாவது ஏறக்குறைய 13 டன் ஏசி. டிரான்ஸ்பார்மரை வெளியே வைக்கும் மாடல் கிடைத்தால் ஏசி பாரம் நன்றாகக் குறையும். சூட்டை டக்ட் போட்டு வெளியே தள்ளலாம். ஆனால் அதே அளவு காற்று உள்ளே வர வேண்டும், கூடவே சிமென்ட் தூசியும் வரும். ஆகவே மூடிய ரூம், ரூம் காற்றின் சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் காற்று-தண்ணீர் ஹீட் எக்ஸ்சேஞ்சர்.

டிரைவுக்குள்ளேயே தண்ணீர் ஓடும் மாடல் இந்த சைஸுக்கு வேண்டாம். டீஅயனைஸ்டு (அயனிகள் நீக்கிய) தண்ணீர், அதைச் சுத்தமாக வைக்கும் ரெசின், பம்ப் என்று பராமரிப்புக்கு ஆள் தேட வேண்டும்.

டிரைவ் ஓடும்போது அது காற்றை உள்ளே இழுக்கும் ஃபில்டர் மேல் ஒரு ஏ4 தாளை வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் விழுந்தால் ஃபில்டர் அடைத்திருக்கிறது.