எண்ணெய் உள்ள போகணும், வெளிய இருக்கறத தொடைக்கணும்: சைக்கிள் கேள்வி-பதில்

இந்த மாசம் வந்த கேள்வில முக்காவாசி செயின பத்திதான். ஐப்பசி மழை ஆரம்பிச்சா வருஷா வருஷம் இப்படித்தான் ஆகுது, செயின் கத்த ஆரம்பிச்சதும் எல்லாருக்கும் சைக்கிள் ஞாபகம் வந்துரும். சரி, ஒவ்வொண்ணா பாப்போம்.

கே: அண்ணே, பையனோட கியர் சைக்கிள் செயின் கிரீச் கிரீச்னு சத்தம் போட்டுச்சு. வீட்ல இருந்த தேங்காய் எண்ணெய ஊத்தினேன், ரெண்டு நாள் சத்தமே இல்ல. இப்போ செயின் பூரா கறுப்பு பிசின் மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கு, தொட்டா கை நாசம். என்ன பண்ணலாம்? (வாசகர், புதுக்கோட்டை)

ப: அடுப்படில வடை சட்டியோட வெளிப்பக்கத்த தடவி பாருங்க, பழுப்பா ஒரு படிவம் தேய்ச்சாலும் போகாம ஒட்டிக்கிட்டு இருக்கும்ல, அதேதான் உங்க செயின்லயும் நடந்துருக்கு. சமையல் எண்ணெய் பெரும்பாலும் காத்து பட பட கெட்டியாகி பிசுபிசுன்னு ஆயிரும், அதுல ரோட்டு மண்ணு போய் ஒட்டிக்கும். எண்ணெயும் மண்ணும் சேந்தா அது அரைக்கிற விழுது, மிதிக்க மிதிக்க செயினையே அரைச்சுக்கிட்டு இருக்கும்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கங்க. செயின்ல தேய்மானம் நடக்குறது நம்ம கண்ணுக்கு தெரியுற எடத்துல இல்ல. ஒவ்வொரு கண்ணிக்குள்ளயும் ஒரு பின் இருக்கு, அத சுத்தி ஒரு உருளை இருக்கு, செயின் மடங்கி மடங்கி திரும்பும்போது அந்த பின்னுக்கும் அத சுத்தி இருக்குற தகட்டு ஓட்டைக்கும் நடுவுலதான் உரசல். எண்ணெய் வேண்டியது அங்க மட்டும்தான். வெளித்தகட்டுல பளபளன்னு நிக்கிற எண்ணெய் ஒரு வேலையும் பாக்காது, புழுதிய கூப்பிட்டு உக்கார வைக்கும், அவ்ளோதான். நம்மாளுங்க என்ன பண்றோம்னா வெளிய நல்லா குளிப்பாட்டிட்டு உள்ள போச்சான்னு பாக்கறதே இல்ல.

உங்க நிலைமைக்கு செயின கழட்டிரதுதான் நல்லது. கியர் சைக்கிள்ல பெரும்பாலும் ஒரு கண்ணி மட்டும் பாக்க வேற மாதிரி இருக்கும், அதான் லாக், இடுக்கிய வெச்சு அமுக்கினா கழண்டுரும். லாக் இல்லன்னா கழட்டாம அப்படியே சுத்தம் பண்ணுங்க, தெருமுனை கடைல குடுத்து சுத்தியலால பின்ன தட்டி எடுக்க மட்டும் விடாதீங்க. பழைய ஒத்த கியர் செயின் தடிமனா இருக்கும், அதுக்கு அந்த வைத்தியம் தாங்கும். கியர் செயின் ஒல்லி, ஒருதடவ தட்டி எடுத்த பின்ன திருப்பி அடிச்சா பிடிமானம் போயிரும், அப்புறம் ஏத்தத்துல அழுத்தி மிதிக்கும்போது பட்டுனு அறுந்து பையன் மூஞ்சில விழுவான்.

கழட்டினத வாய் அகலமான பிளாஸ்டிக் ஊறுகா டப்பால போட்டு (கண்ணாடி பாட்டில் வேணாம், செயின் உள்ள அடிச்சு ஒடைச்சுரும்) முங்குற அளவுக்கு மண்ணெண்ணெய் ஊத்தி மூடிய இறுக்கி நல்லா குலுக்குங்க. ரேஷன்ல மண்ணெண்ணெய் கெடைக்கிறது இப்போ அபூர்வமாயிருச்சு, அதனால டீசலும் பரவால்ல, நாத்தம் மட்டும் கொஞ்சம் நிக்கும். கறுப்பா வர்றத மாத்தி மாத்தி மூணு தடவ குலுக்கினா போதும். அப்புறம் பாத்திரம் கழுவுற லிக்விட் போட்டு வெந்நீர்ல ஒரு அலசு, பனியன் துணில தொடைச்சு வெயில்ல நல்லா காய விடுங்க. காயாம எண்ணெய் விட்டா உள்ள தண்ணி மாட்டிக்கும், துருவுக்கு நாமளே கதவ தொறந்துவிட்ட மாதிரி.

செயின் காயுற நேரத்துல பின்னாடி பல்லு சக்கரங்களுக்கு நடுவுல பழைய டூத் பிரஷ்ஷ விட்டு தேய்ங்க, அப்புறம் துணிய கயிறு மாதிரி முறுக்கி பல்லுக்கு பல்லு இழுத்து எடுங்க. பின்சக்கரத்துகிட்ட கியர் மாத்துற கைல தொங்குதே ரெண்டு சின்ன பிளாஸ்டிக் சக்கரம், அதுல அழுக்கு கேக் மாதிரி அப்பிருக்கும், ஸ்க்ரூ டிரைவரால சுரண்டிருங்க. ஆனா மண்ணெண்ணெய தாராளமா அந்த பக்கம் ஊத்தாதீங்க, ஃப்ரீவீலுக்குள்ளயும் (பின்னாடி பல்லு சக்கர செட்டு) ஹப்புக்குள்ளயும் (சக்கரத்தோட நடு உருளை) எறங்கி பால்ஸ் கிரீஸ கரைச்சு விட்டுரும், அப்புறம் பிரிச்சு மாட்டற ஓவராயில் வேலைக்கு தனி செலவு.

மாட்டினப்புறம் செயின் எண்ணெய். செயினோட கீழ் ஓட்டத்துல, மேல் பக்கமா, ஒவ்வொரு உருளைக்கும் ஒரே ஒரு சொட்டு. கியர் சைக்கிள்ல நூத்தி பத்து கண்ணிக்கு மேல இருக்கும், பொறுமையா லாக்ல ஆரம்பிச்சு லாக்லயே முடிங்க. பெடல பின்னால ஒரு நிமிஷம் சுத்துங்க, போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க, வந்து துணிய செயின சுத்தி புடிச்சுக்கிட்டு மறுபடி பின்னால சுத்தி வெளிய இருக்குற எண்ணெய முழுசா தொடைச்சிருங்க. முழுசான்னா முழுசா, கை வெச்சு பாத்தா காஞ்ச மாதிரி இருக்கணும். மனசு வராது, ஊத்தின எண்ணெய தொடைக்கிறதான்னு தோணும், தொடைங்க. ஒண்ணு சொல்லிடறேன், சக்கரத்த வேகமா முன்னால சுத்த விட்டுட்டு செயின்ல துணி புடிக்கவே கூடாது, துணியோட வெரலும் பல்லுக்குள்ள போயிரும்.

கே: பெட்ரோல் ஊத்தி கழுவினா சீக்கிரம் போகுதே? அப்புறம் டபிள்யூடி-40 அடிச்சா போதும்னு ஃப்ரெண்டு சொல்றான். பைக் செயின் ஸ்ப்ரேயும் வீட்ல இருக்கு. (வாசகர், கோயம்புத்தூர்)

ப: பெட்ரோல் வேணாம். அதோட ஆவி தரையோட தரையா பரவும், தள்ளி நிக்கிறவன் பத்த வைக்கிற பீடி போதும்.

டபிள்யூடி-40 கெட்டதில்ல, அதோட வேலை வேற. 1953ல அமெரிக்காவுல ஈரத்த வெரட்டி துரு வராம தடுக்கத்தான் அத செஞ்சாங்க, நாப்பதாவது முயற்சில சரியா வந்த கலவைங்கறதால அந்த 40. அழுக்க எளக்கும், தண்ணிய வெரட்டும், ஆனா அது விட்டுட்டு போற எண்ணெய் ரொம்ப மெல்லிசு, நாலு நாள்ல மறுபடி கிரீச். அடிச்சு தொடைச்சிட்டு மேல செயின் எண்ணெய் விட்டீங்கன்னா சரி. பைக் ஸ்ப்ரே அவசரத்துக்கு ஓகே, பைக் வேகத்துல தெறிக்காம இருக்க அதுல ஒட்டுற தன்மை ஜாஸ்தி, சைக்கிளுக்கு அந்த ஒட்டல் புழுதியத்தான் சேக்கும். தையல் மிஷின் எண்ணெய், ஒண்ணுமே இல்லாததுக்கு தேவல, ஒரு மழைக்கு போயிரும்.

கே: செயின சுத்தமா வெச்சா மிதிக்கிறது லேசாகுமா? (வாசகர், திருச்சி)

ப: நெனைக்கிற அளவுக்கு ஆகாது. அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துல 1999ல செயின மோட்டார்ல ஓட்டி அளந்து பாத்தாங்க, நல்ல நிலைமைல குடுத்த சக்தில 98.6 சதவீதம் வரைக்கும் பின்சக்கரத்துக்கு போய் சேந்துச்சு. எண்ணெய் போட்டதுக்கும் போடாததுக்கும் அதுல பெரிய வித்தியாசம் வரல, செயின் எவ்ளோ இழுத்து புடிச்சிருக்கு, பல்லு சக்கரம் எவ்ளோ பெருசுங்கறதுதான் கணக்குக்கு வந்துச்சு. ஆனா லேப்ல நம்ம ஊர் புழுதி கெடையாது. எண்ணெய் விடறது செயினோட ஆயுசுக்காக. மிதிக்க கனமா இருந்தா முதல்ல டயர்ல காத்து பாருங்க, பிரேக் கட்டை ரிம்ல உரசுதான்னு பாருங்க.

கே: அண்ணா, ப்ளஸ் ஒன்ல ஸ்கூல்ல குடுத்த சைக்கிள். எண்ணெய்லாம் போடறேன், ஆனாலும் ஸ்பீட் பிரேக்கர்ல ஏறி எறங்கினா செயின் கழண்டுக்குது. டெய்லி கை கறுப்பாதான் ஸ்கூலுக்கு போறேன். (காலேஜ் போகப்போகும் மாணவி, மன்னார்குடி)

ப: இது எண்ணெய் பிரச்சனை இல்லம்மா, லூஸ். செயினுக்கு நடுவுல வெரல வெச்சு தூக்கி அமுக்கி பாரு, மேலயும் கீழயுமா சேத்து அரை இஞ்ச் ஆடலாம், அதுக்கு மேல ஆடினா விழத்தான் செய்யும். பின்சக்கரத்துல ரெண்டு பக்க நட்டையும் எளக்கி, சக்கரத்த பின்னால இழுத்து, டயர் ரெண்டு பக்க கம்பிக்கும் சரி நடுவுல இருக்கான்னு பாத்து முடுக்கணும். பெடல ஒரு சுத்து முழுசா சுத்தி எங்க ரொம்ப டைட்டா வருதோ அங்க வெச்சு மறுபடி அரை இஞ்ச் பாக்கணும், ஏன்னா முன் பல்லு சக்கரம் எந்த சைக்கிள்லயும் நூல் புடிச்ச வட்டமா இருக்காது. சக்கரம் நகந்துச்சுன்னா பின் பிரேக்கையும் சரி பண்ணணும், அத மறந்துட்டு எறக்கத்துல போயிராத.

இழுக்க எடமே இல்லன்னா செயின் நீண்டுருச்சு, கடைல காட்டு. ஒரு ஜோடி கண்ணி வெட்டி குடுப்பாங்க, அதுவே கடைசி கட்டம்தான், அடுத்து புது செயின். லாக் கிளிப் மாட்டும்போது மூடின பக்கம் செயின் ஓடுற தெசைய பாத்து இருக்கணும், பொளந்த பக்கம் பின்னால. மாத்தி மாட்டினா எதுலயாவது தட்டி தெறிச்சுரும். கை கறைக்கு, தண்ணி தொடறதுக்கு முன்னாடியே பாத்திர லிக்விட் ஒரு சொட்டோட கொஞ்சம் சக்கரைய சேத்து தேய்ச்சிட்டு அப்புறம் கழுவு. சுடிதார்ல பட்டாலும் காஞ்ச துணிலயே லிக்விட் போடு, சக்கரை வேணாம்.

கே: செயின் எப்போ மாத்தணும்னு எப்படி தெரிஞ்சுக்கறது? கடைக்காரர் செயினோட ஃப்ரீவீலும் மாத்தணும்கிறாரு, ஏமாத்துறாரோ? (வாசகர், மதுரை)

ப: ஏமாத்தல, நீங்க லேட்டா போயிருப்பீங்க. வீட்ல இஞ்ச் ஸ்கேல் இருந்தா எடுங்க. ஒரு பின்னுலேந்து அடுத்த பின் அரை இஞ்ச், அதனால இருபத்தினாலு கண்ணிக்கு கரெக்டா 12 இஞ்ச் வரணும். செயின இழுத்து புடிச்சு ஒரு பின்னோட நடுவுல ஸ்கேலோட சீரோவ வைங்க. 12 இஞ்ச் கோட்டுக்கு நேரா பின் இருந்தா புதுசு மாதிரி. கோட்ட தாண்டி பதினாறுல ஒரு பங்கு இஞ்ச் போயிருந்தா செயின மட்டும் மாத்திட்டு தப்பிச்சுக்கலாம். எட்டுல ஒரு பங்கு போயிருந்தா அந்த நீளத்துக்கு தகுந்த மாதிரி பல்லும் தேஞ்சு சுறா மீன் முதுகுத் துடுப்பு மாதிரி சாஞ்சிருக்கும், புது செயின் அதுல உக்காராம அழுத்தும்போதெல்லாம் டக்கு டக்குன்னு தாவும். அப்போ ரெண்டையும் மாத்தத்தான் வேணும். இரும்பு இழுபட்டு நீளல, உள்ள இருக்குற ஒவ்வொரு பின்னும் தலைமுடி அளவு தேஞ்சு, அது மொத்தமா சேந்து நீளமா தெரியுது.

கே: உப்பளம் வழியாத்தான் தெனமும் வேலைக்கு போறேன். எண்ணெய் விட்டாலும் வாரத்துல துரு. பாத்ரூம் ஆசிட்ல ஊற வெச்சா பளபளன்னு ஆயிருமாமே? (வாசகர், தூத்துக்குடி)

ப: பளபளன்னு ஆகும், அப்புறம் ஒருநாள் நடுரோட்ல ஒடையும். ஆசிட் பட்டா இரும்பு உள்ளுக்குள்ள முறுகிப்போய் சின்ன சின்ன வெடிப்பு விடும், வெளிய பாத்தா தெரியவே தெரியாது. புளி, எலுமிச்சையும் வேணாம். மேலாப்பல சிவப்பா இருக்குற துருவ எண்ணெய் நனைச்ச துணில தேய்ச்சாலே போயிரும், கண்ணி மடங்காம வெறச்சு நின்னா அந்த செயின் முடிஞ்சுது.

உப்பு காத்து ஊர்ல நல்ல தண்ணிதான் மருந்து. வாரம் ஒருதடவ ஒரு மக்கு நல்ல தண்ணிய மெதுவா ஊத்தி உப்ப எறக்கி, தொடைச்சு காய வெச்சு, கொஞ்சம் கெட்டியான எண்ணெயா விடுங்க, மழைக்குன்னு தனியா விக்கிற ரகம். உங்க ஊருக்கு மட்டும் வெளிய ஒரு மெல்லிசு படலம் விட்டு வைக்கலாம், தப்பில்ல. அடுத்த தடவ வாங்கும்போது நிக்கல் பூசின செயினா கேளுங்க.

கே: மெழுகுல செயின ஊற வெக்கிறாங்களே, நல்லதா? (வாசகர், சென்னை)

ப: நல்லதுதான், கை படாது, புழுதி ஒட்டாது. ஆனா செயின்ல ஒரு சொட்டு பழைய எண்ணெய் இருந்தாலும் மெழுகு புடிக்காது, நல்ல மழைல ரெண்டு தடவ போனா மறுபடி முதல்லேந்து. கார்த்திகை முடியட்டும், மாசில ஆரம்பிங்க. மெழுகு சட்டிய நேரா கேஸ் அடுப்புல வெச்சிராதீங்க, பத்திக்கும். வெந்நி பாத்திரத்துக்குள்ள எறக்கி வெச்சு உருக்குங்க.

கே: செயினுக்கு அடிச்ச எண்ணெய் டிஸ்க் பிரேக்ல பட்டு பிரேக்கே புடிக்கல. (வாசகர், ஓசூர்)

ப: ஓட்டாதீங்க. டிஸ்க் தட்ட ஐசோபுரொபைல் ஆல்கஹால்ல தொடைங்க, பிரேக் பேட் எண்ணெய குடிச்சிருந்தா மாத்திருங்க. இனிமே ஸ்ப்ரே வேணாம், சொட்டு பாட்டில்.

கே: கழுவின மண்ணெண்ணெய எங்க ஊத்துறது? சாக்கடைல விட்டேன், வீட்டுக்காரம்மா சண்டை. (வாசகர், கும்பகோணம்)

ப: அவங்க சொன்னது சரி. மூடி போட்ட பாட்டில்ல ஊத்தி ரெண்டு நாள் ஆடாம வைங்க, அழுக்கு பூரா அடில படிஞ்சு மேல தெளிஞ்சிரும். தெளிஞ்சத வேற பாட்டில்ல மாத்தி அடுத்த தடவைக்கு வெச்சுக்கலாம், நான் ஒரே லிட்டர ஒரு வருஷமா ஓட்டிக்கிட்டு இருக்கேன். அடில இருக்குற சேறு சேந்துச்சுன்னா பக்கத்துல பைக் மெக்கானிக் கடைல பழைய ஆயில் சேக்கிற கேன் இருக்கும், கேட்டுட்டு அதுல ஊத்திருங்க. பாட்டில் மேல பெருசா எழுதி ஒட்டுங்க, பிள்ளைங்க தண்ணின்னு எடுத்துரப் போகுது.