மகள் நீதிபதியாக எந்த வாசல்?

கேள்வி: மன்னார்குடி பக்கத்துக் கிராமம், பட்டியல் சமூகம். மகள் பி.எல். முடித்து இப்போதுதான் வக்கீலாகப் பதிவு செய்திருக்கிறாள். ஜட்ஜ் வேலைக்கு எங்களுக்கு ஒதுக்கீடு உண்டா? ஐகோர்ட்டிலேயே ‘கோட்டா’வில் வாங்கித் தருவதாக ஒருவர் பணம் கேட்கிறார்.

பதில்: அந்த ஆளுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள் அய்யா. ஐகோர்ட்டில் அப்படி ஒரு கோட்டாவே கிடையாது. அங்கே நீதிபதியாக, வக்கீலாகவோ கீழ்க்கோர்ட் நீதிபதியாகவோ பத்து ஆண்டு ஆகியிருக்க வேண்டும். பெயரைப் பரிந்துரைப்பது மூத்த நீதிபதிகள் அடங்கிய கொலீஜியம். பரீட்சை இல்லை, விண்ணப்பம் இல்லை, சாதி ஒதுக்கீடும் இல்லை. நேற்றுப் பதிவு செய்த பெண்ணுக்கு அதை வாங்கித் தருகிறேன் என்பவர் உங்கள் நிலத்தின் மீது கண் வைத்திருக்கிறார்.

ஒதுக்கீடு இருப்பது கீழே, சிவில் நீதிபதி பதவிக்கு. டி.என்.பி.எஸ்.சி. தேர்வு நடத்துகிறது. பட்டியல் சமூகத்துக்கு 18 சதவீதம் (அருந்ததியருக்கு அதில் 3), ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் பெண்களுக்கு 30. மொழிபெயர்ப்புக்குத் தனித் தாளே உண்டு, மகள் அதை லேசாக நினைக்க வேண்டாம்.

இப்போது முக்கியமானது. படித்து முடித்த கையோடு இந்தத் தேர்வை எழுத முடியாது, மூன்று ஆண்டு வக்கீல் தொழில் கட்டாயம் என்று சுப்ரீம் கோர்ட் 2025 மே 20-இல் சொல்லிவிட்டது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை மூன்று வருஷம் சம்பளமில்லாமல் சீனியர் ஆபீசில் இருக்கும். கூலி வேலை செய்கிற வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்? அதைப் பற்றி யாருக்கு அக்கறை!

அந்த மூன்று ஆண்டு எப்போது தொடங்குகிறது என்பதில்தான் ஏகப்பட்ட குழப்பம். வக்கீல் தொழில் செய்யத் தகுதி தரும் அகில இந்திய பார் தேர்வில் பாஸான நாளிலிருந்து என்று பலரும் சொல்வார்கள். தப்பு. தற்காலிகமாகப் பதிவு செய்த நாளிலிருந்தே கணக்கு என்று அதே தீர்ப்பு சொல்கிறது. பார் தேர்வு முடிவு தள்ளிப்போனாலும் உங்கள் மகளுக்கு அந்த மாதங்கள் வீணாகாது. அதற்காகப் பதிவு எண்ணை வைத்துக்கொண்டு வீட்டில் இருந்தால் போதாது. பத்து ஆண்டு அனுபவமுள்ள வக்கீல் சான்று தர வேண்டும், அதில் மாவட்டத்தின் முதன்மை நீதிபதி மேலொப்பம் இட வேண்டும். கோர்ட்டுக்கே வராதவர்களுக்கு இந்தச் சான்றை விலைக்கு எழுதித்தரக் கிளம்பும் ஆட்களிடம் போய்விடாதீர்கள். பின்னால் விசாரணை வந்தால் வேலையோடு வக்கீல் பதிவும் போகும். வக்காலத்தில் மகள் பெயர் இருக்கட்டும். ஆஜரான வழக்கு எண்களை ஒரு நோட்டில் எழுதி வரட்டும்.

கீழ்க்கோர்ட்டா என்று யோசிக்காதீர்கள். பட்டியல் சமூகத்திலிருந்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போன முதல் நீதிபதி ஏ. வரதராஜன், நம் சென்னை ஐகோர்ட்டிலிருந்து 1980-இல் போனவர். முதல் பெண் நீதிபதி பாத்திமா பீவி, 1989. இரண்டு பேருமே முன்சீப்பாக, அதாவது கீழ்க்கோர்ட் நீதிபதியாகத் தொடங்கியவர்கள். குடியரசாகி முப்பது, நாற்பது வருஷம் அந்த நாற்காலிகள் காத்துக் கிடந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மேலே ஆள் எடுப்பவர்கள் கண்ணில் படுவது ஐகோர்ட் வக்கீல்கள்தான். உங்கள் திருவாரூர் மாவட்ட அப்பீல் சென்னை ஐகோர்ட்டுக்கும் பக்கத்துத் தஞ்சாவூர் அப்பீல் அதன் மதுரைக் கிளைக்கும் போகிற பக்கத்தில், மன்னார்குடி வக்கீலை யார் பார்ப்பது?

சாதிச் சான்றிதழை இப்போதே எடுத்துச் சரிபாருங்கள். அதிலுள்ள பெயரும் பத்தாம் வகுப்புச் சான்றிலுள்ள பெயரும் ஓர் எழுத்து மாறியிருந்தாலும், அறிவிக்கை வந்த பிறகு தாலுகா ஆபீசுக்கு அலையவே நேரம் சரியாக இருக்கும்.