குரோமில் ஆபத்து என்றால் எட்ஜுக்கு மாறலாமா?

கேள்வி: குரோமில் பாதுகாப்புக் குறை, உடனே அப்டேட் செய்யுங்கள் என்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் அடிக்கடி எச்சரிக்கிறது. பேப்பரில் பார்த்தாலே பதறுகிறது. பேங்க் வேலையெல்லாம் அதில்தான் செய்கிறேன். பேசாமல் எட்ஜுக்கு மாறிவிடட்டுமா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: தாராளமாக மாறுங்கள் அம்மா, ஆனால் அதனால் தப்பித்துவிட்டதாக நினைக்காதீர்கள். எட்ஜ், ஓபரா, பிரேவ் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது குரோமியம் என்ற ஒரே நிரல்தான். எட்ஜைத் தயாரிக்கும் மைக்ரோசாஃப்ட்டும், பக்கங்களைத் திரையில் காட்டும் தன் சொந்த எஞ்சினைக் கைவிட்டு 2020 ஜனவரியில் இதற்கு வந்துவிட்டது. பெயர்ப்பலகை வேறு, சமையல்கட்டு ஒன்று. அந்தப் பொது நிரலில் ஓட்டை என்றால் பெரும்பாலும் இவை எல்லாவற்றிலும் ஓட்டைதான்.

எச்சரிக்கை வரும்போது திருத்தமும் அநேகமாக வந்திருக்கும். எந்தப் பதிப்புக்கு முந்தையதெல்லாம் ஆபத்து என்று செர்ட்-இன் அறிவிப்பிலேயே எண் இருக்கும். செய்தித் தலைப்பில் ‘ஆபத்து’ மட்டும் வருகிறது, அந்த எண் வருவதில்லை. எனக்கு அதில் நிஜமான வருத்தம் உண்டு. குரோம் திருத்தத்தைத் தானாகவே இறக்கி வைத்துக்கொள்ளும். ஆனால் மூடித் திறந்தால்தான் அது வேலை செய்யும். டேப்களை அப்படியே விட்டு லேப்டாப்பை மடக்கி வைக்கிறவர்களிடம் அது வாரக்கணக்கில் காத்துக் கிடக்கிறது. வலது மூலையில் மூன்று புள்ளி, ஹெல்ப், அபௌட் கூகுள் குரோம் என்று போங்கள். ‘ரீலாஞ்ச்’ தெரிந்தால் அழுத்துங்கள்.

என் பயம் வேறு. எங்கள் தெரு ஜெராக்ஸ் கடையில் பட்டா, பரீட்சை விண்ணப்பம் எல்லாமே ஒரு விண்டோஸ் 7 கணினியில்தான். அதில் குரோம் 109-ஆவது பதிப்போடு நின்றுவிட்டது, புதுத் திருத்தம் வராது. 2023-இல் வந்த 110 முதல் விண்டோஸ் 10-ஆவது வேண்டும். திரையின் மேலே அறிவிப்பு வரும்போதெல்லாம் கடைக்காரர் பெருக்கல் குறியைத் தட்டி மூடிவிடுகிறார். அந்த மாதிரி இடத்தில் நெட்பேங்கிங் திறக்காதீர்கள்.

கேள்வி: ஒரே பிரவுசரை எல்லோரும் பயன்படுத்தினால் என்ன தப்பு? நன்றாக இருப்பதால்தானே வைத்திருக்கிறோம்?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6-ஐயும் அப்படித்தான் வைத்திருந்தோம். 2001-இல் அது வந்தபோது நெட்ஸ்கேப் என்ற போட்டி பிரவுசர் ஏற்கெனவே விழுந்துவிட்டது. போட்டிக்கு ஆளில்லை, அடுத்த பதிப்பு வர 2006 அக்டோபர் ஆயிற்று. 2010 ஜனவரியில் எக்ஸ்ப்ளோரரின் ஓட்டை வழியாக கூகுள் உள்ளிட்ட நிறுவனங்கள் தாக்கப்பட்டது தெரியவந்ததும், ஜெர்மனி, பிரான்ஸ் அரசுப் பாதுகாப்பு அமைப்புகள் வேறு பிரவுசருக்கு மாறச் சொல்லின. ஜெர்மனியில் நிறைய பேர் ஃபயர்ஃபாக்ஸுக்குப் போனார்கள்.

தென்கொரியாவில் அது அவ்வளவு சுலபமாக இல்லை. அங்கே அப்போது வங்கி வேலைக்கும் ஆன்லைன் ஷாப்பிங்குக்கும், நீங்கள் இன்னார்தான் என்று காட்டும் டிஜிட்டல் சான்றிதழ் வேண்டியிருந்தது. அது ஓட ஆக்டிவ்எக்ஸ் என்ற மைக்ரோசாஃப்ட்டின் இணைப்பு நிரல் வேண்டியிருந்தது. ஆக்டிவ்எக்ஸ் ஓட எக்ஸ்ப்ளோரர்தான் வேண்டியிருந்தது. ஆபத்து என்று தெரிந்தும் அதையே திறக்க வேண்டிய நிலை. அந்தச் சான்றிதழின் தனிச் சலுகையைச் சட்டத்தில் இருந்து எடுக்க 2020 டிசம்பர் ஆகிவிட்டது. ஓட்டை எந்த நிரலிலும் வரும், அடைத்துவிடலாம். வெளியேற வழியில்லாமல் போவதுதான் என்னைத் தூங்கவிடாத விஷயம்.

அதனால் ஃபயர்ஃபாக்ஸை இரண்டாவதாக நிறுவி வைத்துக்கொள்ளுங்கள். அதன் எஞ்சின் தனி. ‘குரோமில் மட்டும் திறக்கவும்’ என்று ஏதாவது தளம் சொன்னால், அந்தத் தளத்தின் புகார் பக்கத்தில் இரண்டு வரி எழுதிப் போடுங்கள். நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.