பளபளக்கும் காசுக்கு யார் மார்க் போடுவது?

புரூஃப் காசுகளைப் பெட்டியில் அடைத்து மார்க் போடும் கிரேடிங் பற்றித்தான் இந்த முறை எல்லாக் கேள்விகளும்.

"புரூஃப்" என்பது யூஎன்சி-க்கும் (புழக்கத்துக்கே போகாத காசு) மேலான தரம்தானே சார்?

தரமே இல்லை, அடிக்கும் முறை. அச்சையும், காசாகப் போகும் உலோக வில்லையையும் மெருகேற்றி, ஒரு தடவைக்கு மேல் அழுத்தி அடிப்பார்கள். பின்புலம் கண்ணாடி மாதிரியும், உருவம் பனி படர்ந்தாற்போலவும் வரும். அதைப் பத்து வருஷம் சட்டைப்பையில் போட்டுச் சுமந்தாலும் தேய்ந்த புரூஃப் ஆகுமே தவிர, சாதாரணக் காசு ஆகாது. பம்பாய் நாணயச் சாலையில் அடித்த புரூஃப் என்றால் ஆண்டுக்குக் கீழே உள்ள எழுத்தைப் பாருங்கள்: 1969 முதல் 1995 வரை 'பி', 1996 முதல் 'எம்'.

1969 காந்தி பத்து ரூபாய் புரூஃபை அனுப்பினேன். மார்க் எண் தராமல் "டீடெய்ல்ஸ்" (குறையுள்ள காசு) என்று எழுதிவிட்டார்கள். ஏமாற்றுகிறார்களா?

எனக்கும் இதே காசில் இதே அடி விழுந்தது. 15 கிராம், 80 சதவீத வெள்ளி, அழகான காசு. லேசாக மங்கியிருக்கிறதே என்று பனியன் துணியால் ஒரே ஒரு இழுப்பு இழுத்தேன். நேராகப் பார்த்தால் குறையே தெரியவில்லை. "சுத்தம் செய்யப்பட்டது" என்று திரும்பி வந்த பிறகுதான் மேசை விளக்கின் கீழ் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். கண்ணாடிப் பரப்பில் ஒரே திசையில் மெல்லிய கோடுகள். சேகரிப்பாளர்கள் ஹேர்லைன் என்று சொல்வது இதைத்தான். சாதாரணக் காசில் பத்தோடு பதினொன்றாகப் போயிருக்கும். புரூஃபில் ஒளிய இடமில்லை. கிரேடர் மேல் கோபப்பட்டு என்ன செய்ய, துணி என் கையில்தானே இருந்தது!

வெள்ளிக் குத்துவிளக்கைத் திருநீறு போட்டுத் தேய்க்கும் பழக்கம் காசுப் பக்கம் வரவே கூடாது. பிளாஸ்டிக் உறையால் பச்சைப் பிசுக்கு படிந்திருந்தால், சுத்தமான அசிட்டோனில், கண்ணாடிக் கிண்ணத்தில் ஊறவைத்து எடுங்கள். தேய்க்காதீர்கள். அடுப்பு பக்கத்தில் வேண்டாம். நகப்பூச்சு நீக்கும் திரவம் வேறு, அது கூடாது.

மார்க்குக்கு முன்னால் பிஆர், பிஎஃப் என்று இருவிதமாகப் போடுகிறார்களே?

இரண்டும் புரூஃப்தான். இரண்டு அமெரிக்க கிரேடிங் நிறுவனங்கள்: முதலாவது பிசிஜிஎஸ் போடுவது, இரண்டாவது என்ஜிசி. உருவம் அழுத்தமாக வெண்மை காட்டினால் முதல் நிறுவனம் "டீப் கேமியோ" என்னும், அடுத்தது "அல்ட்ரா கேமியோ" என்னும்.

தஞ்சைப் பெரிய கோயில் 1000 ரூபாய் புரூஃபை அனுப்பலாமா? உச்ச மார்க்கான 70 வாங்கிவிட ஆசை.

கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு வந்த காசு. 35 கிராம், 44 மில்லிமீட்டர். இவ்வளவு அகலமான கண்ணாடியில் 70 கேட்பது பேராசைதான். ஐந்து மடங்கு பெருக்கிப் பார்த்தாலும், அடித்த பிறகு ஏற்பட்ட குறை ஒன்றுகூடத் தெரியக் கூடாது என்பது 70-க்கான அளவுகோல். முதலில் பத்து மடங்கு லென்ஸில் நீங்களே பாருங்கள். ஒரு கோடு கண்ணில் பட்டாலும் 70 கனவை விடுங்கள். கட்டணம், தபால், காப்பீடு எல்லாம் கூட்டி, விற்கும்போது அது திரும்புமா என்று கணக்குப் போடுங்கள். விற்கப்போவதில்லை என்றால் வாங்கியபோது வந்த பெட்டியிலேயே இருக்கட்டும். வெள்ளியில் பால் தெளித்தது போன்ற வெண்புள்ளிகள் கிரேடிங் பெட்டிக்குள் போன பிறகும் கிளம்பக்கூடும்.

தாத்தா காலத்து விக்டோரியா புரூஃப் ரூபாய் இருக்கிறது. அமெரிக்காவுக்கு அனுப்பட்டுமா?

பொறுங்கள். நூறு வருஷம் தாண்டிய காசு 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். தனியாள் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அதோடு, பழைய அச்சுகளை வைத்துப் பம்பாய் நாணயச் சாலை 1970 வரை மறுபடி அடித்துக் கொடுத்த புரூஃப்களும் உண்டு. ரீஸ்ட்ரைக் என்பார்கள், விலை வேறு. உங்களுடையது எது என்று விவரமான ஒருவரிடம் நேரில் காட்டுங்கள். ஓரத்தில் மட்டும் பிடித்து.