அமெரிக்காவுல இருந்து வந்த டப்பாவ நம்மூரு பிளக்குல சொருகலாமுங்களா? (கேள்வி-பதில்)

கரண்ட் வயர்லயே சிக்னல் அனுப்பி லைட் போடறது, அதக் கம்ப்யூட்டரோட சேக்கறது, இதப் பத்தி வந்து கெடந்த கேள்விகள இந்த வாட்டி ஒண்ணா எடுத்துட்டேனுங்க. மிக்சி, கிரைண்டர் கேள்வி கேட்டவங்க கொஞ்சம் பொறுத்துக்குங்க.

கேள்வி (பொள்ளாச்சி பக்கம்): வணக்கமுங்ணா. எங்க பெரியப்பா பையன் அமெரிக்காவுல வீட்டக் காலி பண்ணிட்டு வரப்ப கரண்ட் வயர்லயே சிக்னல் அனுப்பி லைட் போடற எக்ஸ்10 செட்டு ஒண்ணு கொண்டாந்து குடுத்தாருங்க. சிஎம்11ஏ-ன்னு போட்ட வெள்ளை டப்பா, லைட்ட மாட்டறதுக்கு லேம்ப் மாடூல்-ங்கற குட்டி டப்பா நாலு, டெலிபோன் வயர் மாதிரி ஒரு கேபிள். டப்பாவ பிளக்குல சொருகி கேபிள கம்ப்யூட்டர்ல சேத்தா வீட்டு லைட்டெல்லாம் கம்ப்யூட்டர்லயே போடலாம் அணைக்கலாங்கறாரு. எங்கிட்ட இருக்கறது லேப்டாப்புங்க, அந்த ஒம்போது ஓட்டை கனெக்டர் சொருக எடமே இல்ல. டப்பாவோட பின்னும் நம்மூரு பிளக்குல போகல. கடைல கேட்டா வோல்டேஜக் கொறைக்கற ஸ்டெப்டவுன் ட்ரான்ஸ்பார்மர் ஒண்ணு வாங்குங்க எல்லாம் ஓடும்ங்கறாங்க. வாங்கலாமுங்களா?

பதில்: வாங்காதீங்க தம்பி. அதுக்கும் முன்னாடி ஒண்ணு, அந்த டப்பாவ கன்வெர்ஷன் பிளக் போட்டுக்கூட சுவத்துல சொருகிப் பாத்துறாதீங்க. டப்பாவத் திருப்பிப் பாத்தா பொடி எழுத்துல 120 வோல்ட் 60 ஹெர்ட்ஸ்-னு போட்டிருக்கும், நம்ம லைன் 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸ். அமெரிக்கா செல்போன் சார்ஜர் இங்க ஓடுதே-ன்னு கேப்பீங்க, அதுல 100-240-ன்னு எழுதியிருக்கும் இதுல எழுதியிருக்காது, அதான் சமாச்சாரம். நேரா குடுத்தா உள்ள இருக்கற பாகம் வெடிச்சுப் பொகை வரும், நல்ல நேரமா இருந்தா எம்சிபி (ட்ரிப் சுவிட்ச்) அதுக்குள்ள விழுந்துரும். மாடூல் நாலுக்கும் இதே கதிதான்.

சரி, ட்ரான்ஸ்பார்மருக்கு வருவோம். கடைக்காரரு பொய் சொல்லலீங்க, அதப் போட்டா டப்பா ஓடும். ஆனா உங்களுக்கு வேணுங்கறது டப்பா ஓடறது இல்லியே, வீட்டு லைட் எரியோணும். இந்த எக்ஸ்10 1975-ல ஸ்காட்லாந்துல கிளென்ரோத்தஸ்-ங்கற ஊர்ல பிகோ எலக்ட்ரானிக்ஸ்-ங்கற கம்பெனி கண்டுபுடிச்சது, ஏசி கரண்ட் ஏறி எறங்கி ஜீரோவத் தொடற நேரம் பாத்து 120 கிலோஹெர்ட்ஸ்ல ஒரு மில்லிசெகண்ட் நீளத்துக்கு ஒரு சிக்னல் விடும், சிக்னல் இருந்தா ஒண்ணு இல்லாட்டி ஜீரோ, அப்பிடியே எழுத்துக்கூட்டற மாதிரி ‘ஏ வீடு, 3-ம் நம்பர், ஆன்’-னு அனுப்பி முடிக்க ஏறக்குறைய ஒரு செகண்ட் ஆகும், அதே வயர்ல மாட்டியிருக்கற மாடூல் தன் நம்பரக் கேட்டுச்சுன்னா லைட்டப் போடும். இதுல முக்கியம் ‘அதே வயர்’ங்கறது. 50 ஹெர்ட்ஸுக்குன்னு சுத்துன ட்ரான்ஸ்பார்மரத் தாண்டி அந்த 120 கிலோஹெர்ட்ஸ் சிக்னல் உருப்படியா வீட்டு வயருக்கு வந்து சேராது. அப்புறம் என்ன பண்ணலாம்னா ட்ரான்ஸ்பார்மருக்கு அந்தப் பக்கமே 110 வோல்ட் பல்பு தேடிப் புடிச்சு மாட்டி ஹால் ஓரத்துல ஒரு குட்டி அமெரிக்கா கட்டிக்கலாம். வெளையாட்டுக்கு நல்லாருக்கும், வீட்டுக்கு ஆவாது.

ஆசை இன்னும் உடலைன்னா, தேட வேண்டியது 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸ் மாடல். ஐரோப்பாவுக்குன்னு விட்ட சிஎம்11, இங்கிலாந்து பிளக்கோட வந்த சிஎம்12, அப்புறம் யுஎஸ்பி வச்ச சிஎம்15ப்ரோ. இங்கிலாந்து லைனும் நம்ம லைனும் வோல்டேஜ்ல ஒண்ணுதான், அதனால அதுக்கு கன்வெர்ஷன் பிளக் போட்டுக்கலாம் தப்பில்ல. ஆனா பெரும்பாலும் செகண்ட் ஹேண்டுதான் கெடைக்கும், மாடூலும் 230 வோல்ட்டுதானான்னு ஒவ்வொண்ணா போட்டோ கேட்டுப் பாத்துட்டு காசு அனுப்புங்க. சிஎம்11 வகையில கடிகாரத்துக்கு ரெண்டு சின்ன பேட்டரி போட்டிருக்கும், வருசக்கணக்கா அப்பிடியே உட்டு ஒழுகி பச்சை புடிச்சிருந்தா வெலையக் கொறைங்க, இல்ல வேண்டாம்னுருங்க.

கம்ப்யூட்டரோட சேக்கறதுல பெரிய வித்தையொண்ணும் இல்லீங்க. டப்பாவுல இருக்கறது டெலிபோன் சாக்கெட் மாதிரி இருந்தாலும் அதுல டெலிபோன் லைனச் சொருகக் கூடாது, கூட வந்த கேபிளோட மறுமுனையில நீங்க சொன்ன அந்த ஒம்போது ஓட்டை சீரியல் கனெக்டர் இருக்கும், அந்தக் கேபிள் தொலைஞ்சிருந்தா கடைல விக்கற சாதா கேபிள் ஒத்துவராது, உள்ள வயர் மாத்தி இணைச்சிருப்பாங்க. லேப்டாப்புக்கு யுஎஸ்பி-சீரியல் கன்வெர்ட்டர் ஒண்ணு வேணும், எஃப்டிடிஐ-ங்கற கம்பெனி சிப் போட்டதா பாத்து வாங்குங்க, பத்து நூறு கூடப் போனாலும் அப்புறமேட்டுக்கு தலைவலி இருக்காது. கம்ப்யூட்டர்ல சீரியல் போர்ட் செட்டிங்: வேகம் 4800 பாட், 8 பிட், பேரிட்டி இல்ல, ஸ்டாப் பிட் ஒண்ணு. இதுல 9600-ன்னு உட்டுட்டு டப்பா கெட்டுப்போச்சுன்னு தூக்கிப் போட்டவங்கல்லாம் உண்டுங்க. கூட வந்த ஆக்டிவ்ஹோம் சிடி பழைய விண்டோஸுக்கு எழுதுனது, இப்பத்த லேப்டாப்புல அதோட மல்லுக்கட்டறதுக்கு ஒரு ராஸ்பெர்ரி பை-ங்கற குட்டிக் கம்ப்யூட்டரோ பழைய கம்ப்யூட்டரோ எடுத்து லினக்ஸ் ஏத்தி ஹெயூ-ங்கற இலவச ப்ரோகிராம் போட்டுக்கறது சுளுவு. லினக்ஸ்ல உங்க யூசரை டயல்அவுட்-ங்கற, சீரியல் போர்ட்டுக்கு அனுமதி உள்ள குரூப்புல சேக்கலைன்னா போர்ட் தொறக்காதுங்கறத மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. சிஎம்15-க்கு ஹெயூ வேண்டாம், அதுக்கு மோச்சாட்-னு வேற ஒண்ணு இருக்கு.

டைமர், மேக்ரோ (ஒரே கட்டளைல பல வேலை செய்யறது) எல்லாம் சிஎம்11 உள்ளயே ஏத்தி வச்சிரலாம், பொழுதோட ஆறரைக்கு வாசல் லைட் போடறதுக்கு கம்ப்யூட்டர் ஓடிட்டே இருக்க வேண்டியதில்ல, இது உண்மையிலயே நல்ல ஏற்பாடு. கெட்டது என்னன்னா சாதா மாடூல் திருப்பிப் பதில் சொல்லாது. கம்ப்யூட்டர் ‘போட்டாச்சு’ங்கும், லைட்டு எரிஞ்சுதான்னு நீங்கதான் எட்டிப் பாக்கோணும்.

இன்னொண்ணு, லேம்ப் மாடூல்ங்கறது குண்டு பல்புக்கு டிம் பண்ணறதுக்குன்னு செஞ்சது. எல்ஈடி போட்டா மினுக்கும், அணைச்சப்புறமும் லேசா எரிஞ்சுட்டுக் கெடக்கும். எல்ஈடிக்கும் ஃபேனுக்கும் உள்ள ரிலே வச்ச அப்ளையன்ஸ் மாடூல்தான் வேணும், ‘டக்’குனு சத்தம் கேக்கும் பாருங்க அது.

கேள்வி (சோமனூர்): எங்கிட்ட 230 வோல்ட் சிஎம்12 இருக்குதுங்க சார், கம்ப்யூட்டர்லயும் சேத்தாச்சு. ஹால் லைட் எரியுது, மாடி லைட் எரியறதேயில்ல. ஹால் லைட்டும் ராத்திரி பத்து மணிக்கு மேலதான் நல்லா வேலை செய்யுது, பகல்ல பத்துக்கு அஞ்சு வாட்டிதான் கேக்குது. டப்பாவ மாத்தோணுங்களா?

பதில்: டப்பா மேல பழி போடாதீங்க. சோமனூர்ல பகல்ல வேலை செய்யல ராத்திரி செய்யுதுன்னு சொல்லும்போதே பாதி பதில் வந்துருச்சுங்க, அக்கம்பக்கம் பூரா தறி ஓடற நேரத்துல அத்தன மோட்டாரும் லைன்ல குப்பையக் கொட்டும், அதுலயும் புதுசா வேகத்தக் கூட்டிக் கொறைக்கற ட்ரைவ் வச்ச மோட்டார்னா கேக்கவே வேண்டாம். அந்த எரைச்சலுக்குள்ள இத்துனூண்டு சிக்னலுக்கு எங்க காது கேக்கும். ஆனா அதுக்கு முன்னாடி உங்க வீட்டுக்குள்ளயே சிக்னலத் திங்கறது என்னன்னு பாருங்க.

டப்பாவ எதுல சொருகியிருக்கீங்க? கம்ப்யூட்டர் பக்கத்துல இருக்குதேன்னு யூபிஎஸ்லயோ ஸ்பைக் கார்டுலயோ சொருகியிருந்தீங்கன்னா அங்கியே சோலி முடிஞ்சுது, அதுக்குள்ள இருக்கற ஃபில்டரோட வேலையே இந்த மாதிரி சிக்னல அமுக்கறதுதான். சுவத்துல இருக்கற பிளக்குல நேரா சொருகுங்க, கம்ப்யூட்டர், டிவி இதுகள ஒரு ஸ்பைக் கார்டுக்கு அந்தப் பக்கம் தள்ளுங்க. டிவி, கம்ப்யூட்டர் சப்ளை உள்ள இருக்கற கெப்பாசிட்டரும் சிக்னலக் குடிக்கும், சுவிட்ச் ஆஃப்ல இருந்தாக்கூட பிளக்குல இருந்தா குடிக்கலாம். ஒரு சாயங்காலம் ஒக்காந்து ஒவ்வொரு பிளக்கா உருவி உருவி மாடி லைட்டப் போட்டுப் பாருங்க, எத உருவுனதும் எரியுதோ அதான் திருடன். செலவில்லாத வைத்தியம்.

மாடி மட்டும் எரியலைங்கறது பேஸ் வேற-ங்கற சமாச்சாரமா இருக்கும். த்ரீ பேஸ் வீட்டுல கீழ ஒரு பேஸ் மாடிக்கு ஒரு பேஸ்னு பிரிச்சிருப்பாங்க, ஒரு பேஸ்ல உட்ட சிக்னல் இன்னொரு பேஸுக்கு தானா தாவாது, தாவுனாலும் நோஞ்சானாத்தான் போய்ச் சேரும். சோதிக்கறது சுலபம், டப்பாவ லேப்டாப்போட மாடிக்கு எடுத்துட்டுப் போய் அங்கிருக்கற பிளக்குல சொருகிப் பாருங்க, மாடி லைட் எரிஞ்சு ஹால் லைட் எரியலைன்னா கதை அதேதான். வயர்மேனக் கூப்புட்டு டிபி பாக்ஸ்ல (எம்சிபியெல்லாம் இருக்கற பெட்டி) நீங்க கண்ட்ரோல் பண்ணற லைட்டயெல்லாம் ஒரே பேஸுக்கு மாத்தச் சொல்லலாம், லோடு தாங்குமான்னு அவரு பாக்கட்டும். இல்லைன்னா ஒரு பேஸ் சிக்னல இன்னொரு பேஸுக்குக் கடத்தற பேஸ் கப்ளர்னு ஒண்ணு டிபி பாக்ஸ்ல போடறதுக்கு இருக்குது, அது லைசென்ஸ் வச்ச எலக்ட்ரீசியன் வேலை, யூடியூப் பாத்துட்டு நீங்க கைய வச்சுறாதீங்க.

நீங்க கேக்கல, இருந்தாலும் நம்ம பக்கம் எல்லா வீட்டுலயும் இருக்கறதால சொல்றேன், இன்வெர்ட்டர். கரண்ட் இருக்கும்போது இன்வெர்ட்டர் லைனுக்கும் சிக்னல் போகலாம், கரண்ட் போனதும் அந்த லைன் மெயின்ல இருந்து கழண்டு தனியாயிரும், அந்த லைட்டெல்லாம் எரியும் ஆனா மெயின் பிளக்குல இருக்கற டப்பாவோ செத்துக் கெடக்கும். டப்பாவயும் இன்வெர்ட்டர் லைன் பிளக்குலயே வைக்கலாம், சைன் வேவ் இன்வெர்ட்டரா இருந்தா ஓரளவு ஒத்துவரும், பழைய ஸ்கொயர் வேவ் வகையா இருந்தா நம்பாதீங்க.

அப்புறம் மாடூலோட நம்பர ‘ஏ1’-லயே உட்டு வச்சிருக்கீங்களா? ஏ (A)-யில இருந்து பி (P) வரைக்கும், ஆங்கில எழுத்து வரிசையில பதினாறு எழுத்து இருக்குது, எழுத்துக்குப் பதினாறு நம்பர், மொத்தம் 256. பெட்டியப் பிரிச்சதும் வர்ற ஏ1-ஐ மாத்திருங்க, ஒரே தெரு ட்ரான்ஸ்பார்மர்ல இதே செட்டு வச்ச இன்னொரு ஆள் இருந்தா அவரு பட்டன் அமுக்க உங்க லைட் அணையும்.

கேள்வி (ஈரோடு): இந்த மாதிரி டப்பாவுக்குன்னு ஆன்லைன்ல யுஎஸ்பி-சீரியல் கேபிள் வாங்குனேன். விண்டோஸ்ல போட்டா ‘இந்தச் சிப் 2012-லயே நிறுத்தியாச்சு, வித்தவங்களக் கேளுங்க’ன்னு இங்கிலீஷ்ல காட்டுது. வித்தவரு ‘உங்க கம்ப்யூட்டர் கோளாறு, ரிட்டர்ன் கெடையாது’ங்கறாரு.

பதில்: அது பிஎல்2303-ங்கற ப்ரோலிஃபிக் சிப்போட பழைய ரகம், இல்ல அதப் பாத்து அடிச்ச போலி. புது ட்ரைவர் ரெண்டையுமே ஏத்துக்காது. லினக்ஸ்ல பெரும்பாலும் ஓடிரும், அவசரத்துக்கு அதுல ஓட்டிக்குங்க, ஆனா அதுக்காக காச உட்டுற வேண்டியதில்ல. ‘விண்டோஸ் 11-ல ஓடும்’னு அந்தப் பக்கத்துல போட்டிருந்தா ஒடனே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க, நாளைக்கு மாத்திருவாங்க. அந்த எர்ரரையும் பில்லையும் சேத்து தளத்தோட குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்க, போன்ல பேசாதீங்க, எழுத்துல. 2020-ல வந்த ஈ-காமர்ஸ் விதிப்படி 48 மணி நேரத்துல புகார் கெடச்சுதுன்னு சொல்லோணும், ஒரு மாசத்துல தீத்து வைக்கோணும். அசையலைன்னா 1915-க்குக் கூப்புடுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண். கேபிளுக்காக யாரும் கேஸ் போட மாட்டாங்க, ஆனாலும் தெரிஞ்சுக்குங்க, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல நீங்க குடியிருக்கற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்துலயே போடலாம், வித்தவரு டெல்லியில இருந்தாலும் ஈரோட்டு ஆணையத்துக்குத்தான் பதில் சொல்லோணும், அஞ்சு லட்சம் வரைக்கும் பீஸ் இல்ல, ரெண்டு வருசத்துக்குள்ள போட்டாப் போதும். இத ரெண்டு வரியா மெயில்ல எழுதுனாலே நெறைய பேருக்கு ரிட்டர்ன் பட்டன் திடீர்னு வேலை செய்ய ஆரம்பிச்சுரும்.

கேள்வி (கோபி): புது வீடு கட்டறமுங்க, வயரிங் நடந்துட்டிருக்குது. இந்த மாதிரி கரண்ட் வயர்ல ஓடற செட்டு போடலாங்களா?

பதில்: வேண்டாமுங்க. சுவத்த ஒடைக்க முடியாத பழைய வீட்டுக்குன்னு வந்த ஐடியா அது, உங்களுக்கு சுவரே இன்னும் பூசலயே. ஆனா கம்ப்யூட்டர்ல நேரா சேத்து வீட்டுக்குள்ளயே கண்ட்ரோல் வச்சுக்கறதுங்கற விசயம் மட்டும் இன்னிக்கும் சரி. இன்ஸ்டியான்-னு கரண்ட் வயர், ரேடியோ ரெண்டுலயும் ஓடற செட்டு ஒண்ணு, 2022 ஏப்ரல்ல கம்பெனி சொல்லாம கொள்ளாம சர்வர அணைச்சுட்டுப் போயிருச்சு, ஆப்ப நம்புனவங்க லைட் கண்ட்ரோல் நின்னு போச்சு, இன்டர்ஃபேஸ சொந்தக் கம்ப்யூட்டர்ல மாட்டி வச்சிருந்தவங்களுக்கு ஒண்ணும் ஆகல. அதனால வைஃபையோ ஜிக்பீ-ங்கற இன்னொரு வயர்லெஸ் வகையோ எது வாங்குனாலும் ‘நெட்டு இல்லாம ஓடுமா, கம்பெனி இல்லாம ஓடுமா’ன்னு கேட்டு வாங்குங்க. இப்பத்திக்கு எதுவுமே வாங்காட்டியும் பரவால்ல, ஒவ்வொரு சுவிட்ச் பாக்ஸுக்கும் நியூட்ரல் வயர் இழுக்கச் சொல்லுங்க, பாக்ஸும் ஆழமானதா வைக்கச் சொல்லுங்க, பின்னாடி எந்த மாடூல் வச்சாலும் அது வேணும். வயர்மேன் எதுக்குங்க வெட்டிச் செலவும்பாரு, எக்ஸ்ட்ரா கூலியும் கேப்பாரு. பேரம் பேசிக்குங்க, ஆனா பூச்சு வேலைக்கு கொத்தனார் வர்றதுக்குள்ள பேசி முடிச்சிருங்க.