சுடுதளம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் தம்பி பிரான்சில் ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில் உறுப்பினர். .223 போல்ட் ரைபிள். பேரலில் 1:9 என்று போட்டிருக்கிறதாம். 200 மீட்டருக்கு 80 க்ரெய்ன் (சுமார் 5.2 கிராம்) புல்லட் வாங்கிச் சுட்டான். ஜூலையில் ஏதோ சுமாராக விழுந்தது. ஜனவரியில் அட்டையில் ஓட்டைகள் நீள்வட்டமாகி, திசைக்கொன்றாகச் சிதறிவிட்டன. "பேரல் போச்சு, மாத்தணும்" என்கிறான். மாற்றத்தான் வேண்டுமா?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: செலவு வேண்டாம். பேரல் நன்றாகத்தான் இருக்கும். அந்தப் பேரலுக்கு அந்தப் புல்லட் நீளம் அதிகம்.

1:9 என்றால், புல்லட் 9 அங்குலம் (சுமார் 229 மி.மீ.) முன்னேறுவதற்குள் ஒரு முழுச் சுற்று சுற்றும். இந்த அளவைத்தான் ட்விஸ்ட் என்பார்கள். இந்தச் சுழற்சி போதவில்லை என்றால் மூக்கு நேராக நிற்காது; புல்லட் சாய்ந்தபடியே போய் அட்டையில் இடிக்கும். நீள்வட்ட ஓட்டை அதற்குச் சாட்சி. கிளப்பிலும் கடையிலும் எல்லோரும் எடையைச் சொல்லியே பேசுவார்கள். உண்மையில் ட்விஸ்ட் எவ்வளவு வேண்டும் என்று தீர்மானிப்பது நீளம். விட்டம் மாறாமல் எடை கூடினால் நீளமும் கூடத்தானே செய்யும், அதனால் எடைக்கணக்கு பெரும்பாலும் ஒத்துப்போகிறது. ஈயமே இல்லாத முழுச் செம்பு புல்லட்டை எடுத்தால்தான் கணக்கு உதைக்கும். செம்புக்கு ஈயத்தைவிட அடர்த்தி குறைவு. அதே எடைக்கு அது நீண்டுவிடும்.

கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள். 1879-இல் கிரீன்ஹில் தந்த பழைய சூத்திரம் ஒன்று உண்டு. இன்று ரைபிள்காரர்கள் அதிகம் நம்புவது டான் மில்லரின் சூத்திரத்தை. புல்லட் எடையை (க்ரெய்னில்) 30-ஆல் பெருக்கித் தனியாக வையுங்கள்: 80 × 30 = 2400. இனி வகுக்க வேண்டிய எண். ட்விஸ்டை புல்லட் விட்டத்தால் (0.224 அங்குலம்) வகுத்தால் 9 ÷ 0.224 = 40.18, அதன் வர்க்கம் 1614. விட்டத்தின் கனம் (விட்டம் × விட்டம் × விட்டம்) 0.01124. இந்த ரகத்தில் பரவலாக விற்கும் ஒரு 80 க்ரெய்ன் மேட்ச் (போட்டிக்கான) புல்லட்டின் நீளம் சுமார் 1.066 அங்குலம்; அதை விட்டத்தால் வகுத்தால் 4.76. இந்த 4.76-ஐ, அதன் வர்க்கத்தோடு 1 கூட்டி வரும் எண்ணால் பெருக்கினால் ஏறக்குறைய 112.5. மூன்றையும் பெருக்க 2041. 2400-ஐ அதனால் வகுத்தால் 1.18.

இதுதான் நிலைப்பு எண். 1-க்குக் கீழே போனால் புல்லட் குட்டிக்கரணம் போடும். 1-ஐத் தாண்டியும் 1.3-ஐ எட்டாதது பருவநிலையின் தயவில் பிழைக்கும். போட்டிக்குச் சுடுகிறவருக்கு 1.4, முடிந்தால் 1.5 இருக்க வேண்டும். அதற்குக் கீழே ஓட்டை வட்டமாகவே விழுந்தாலும், காற்றின் இழுவை கூடி வேகம் சீக்கிரம் குறைந்துவிடும்.

அந்த 1.18 என்பது வினாடிக்கு 2800 அடி வேகம், 15 டிகிரி செல்சியஸ், கடல்மட்டம் என்ற நிலைக்கு. 80 க்ரெய்ன் புல்லட் அவ்வளவு வேகம் போகாது. 2650 அடி என்று வைத்தால் 1.15-க்குப் பக்கம். ஜூலையில் 30 டிகிரி இருந்தால் காற்று லேசாகி எண் 1.2-க்கு ஏறும். ஜனவரியில் பூஜ்யம் டிகிரி என்றால் காற்று கனத்து 1.1-க்கு இறங்கிவிடும். தம்பி கண்டது இதைத்தான். அதே ரைபிளை மே மாதப் புதுச்சேரியில் 38 டிகிரியில் சுட்டால் 1.25 வரை வரும். அது ரைபிளின் பெருமை அல்ல, வெயிலின் உபயம். ஊட்டி போன்ற உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் எண் இன்னும் நன்றாகவே ஏறும். அதனால் கணக்கை எப்போதும் நீங்கள் சுடப்போகும் மிகக் குளிரான நாளுக்குப் போடுங்கள்.

200 மீட்டருக்கு 69 க்ரெய்ன் மேட்ச் புல்லட்டுக்கு மாறச் சொல்லுங்கள். நீளம் 0.9 அங்குலம் அளவு, 1:9-இல் நிலைப்பு எண் 1.6-க்கு மேல் நிற்கும், குளிரிலும் அசையாது. .223-இல் பழக்கத்தில் உள்ள கணக்கு இது: 55 க்ரெய்னுக்கு 12 அங்குலமே போதும், 69-க்கு 9, 77-க்கு 8, 80-க்கு 8 அல்லது 7, 90-க்கு 7-ஐவிட விரைவான ட்விஸ்ட். 80 க்ரெய்ன்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் மட்டும் 1:8 அல்லது 1:7 பேரல். புல்லட் மாறும்போது வெடிமருந்தின் அளவும் மாறும். தானே தோட்டா நிரப்புகிறவராக இருந்தால் அந்தப் புல்லட்டுக்கென அச்சிட்ட கையேட்டு அளவில் அடியிலிருந்து தொடங்க வேண்டும், பழைய அளவை அப்படியே போடக் கூடாது.

கேள்வி: பேரலில் எழுதியிருப்பதை நம்பலாமா? ட்விஸ்டை வீட்டிலேயே அளக்க வழி உண்டா?
– வாசகர், நெய்வேலி

பதில்: பெரும்பாலும் நம்பலாம். ஆனால் அளந்து பார்ப்பது கால் மணி நேர வேலை. அளக்க வேண்டியது ரைபிளின் உரிமதாரர், அல்லது அவர் முன்னிலையில். முதலில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்து போல்டைக் கழற்றிவிடுங்கள்.

கிளீனிங் ராடின் கைப்பிடி பேரிங்கில் தடையின்றிச் சுழல வேண்டும். சுழலாத ராடில் இந்த வேலை நடக்காது. இறுக்கமான பேட்ச் (துணித் துண்டு) ஒன்றில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, சேம்பர் (தோட்டா அமரும் அறை) பக்கமிருந்து செலுத்துங்கள். பேட்ச் ரைஃப்லிங்கை (பேரலுக்குள் உள்ள சுருள் பள்ளங்களை) கவ்வியதும் ராட் தானாகத் திரும்பத் தொடங்கும். அந்த இடத்தில் நிறுத்தி, ராடின் மேல்பக்கம் ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பைக் கொடிபோல ஒட்டுங்கள். கொடி நேரே மேலே நிற்கட்டும். ஆக்‌ஷனின் (போல்ட் இருந்த உடல்பகுதியின்) பின்விளிம்பு ராடைத் தொடும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. மெல்லத் தள்ளுங்கள். கொடி ஒரு முழுச் சுற்று வந்து மீண்டும் மேலே நின்றதும் அதே விளிம்பில் இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் இடையே ஸ்டீல் ஸ்கேல் வையுங்கள்.

மூன்று முறை செய்து, மூன்றும் கால் அங்குலத்துக்குள் ஒத்துப்போனால் சரி. பேட்ச் வழுக்கினால் அளவு எப்போதும் உண்மையைவிடக் கூடுதலாகவே காட்டும். ஆகவே மாறி மாறி வந்தால் சிறிய எண்ணின் பக்கம்தான் உண்மை இருக்கும். ஐரோப்பிய பேரலில் மில்லிமீட்டரில் போட்டிருந்தால் 25.4-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்: 203 என்றால் 8 அங்குலம், 305 என்றால் 12.

கேள்வி: மகள் .22 ரைபிளில் 50 மீட்டர் சுடுகிறாள். கடற்காற்று அடிக்கும்போது குறி விலகுகிறது. 60 க்ரெய்ன் புல்லட் உள்ள .22 தோட்டா வெளிநாட்டில் கிடைக்கிறதாமே, காற்றைத் தாங்குமா?
– வாசகர், வில்லியனூர்

பதில்: வேண்டாம். .22 பேரல்கள் வழக்கமாக 1:16, 40 க்ரெய்ன் (2.6 கிராம்) ஈயப் புல்லட்டுக்காகவே அமைந்தவை. அந்த வேகத்தில் 40 க்ரெய்னின் நிலைப்பு எண்ணே 1.4 சுற்றித்தான் வரும். கையிருப்பு அதிகம் இல்லை. 60 க்ரெய்ன் புல்லட்டை இதில் போட்டால் சாவித் துவாரம் மாதிரி ஓட்டை விழும். அதற்கு 1:9 அளவில் பேரல் வேண்டும்.

மகளின் பிரச்சினைக்கு மருந்து எடையில் இல்லை, லாட்டில் (ஒரே தொகுப்பாகத் தயாரான தோட்டாக்கள்) இருக்கிறது. ஒரே பெயர், ஒரே விலையில் நான்கு வெவ்வேறு லாட் எண்களில் ஒவ்வொரு டப்பா வாங்கி, ரைபிளைத் தாங்கியில் வைத்து, காற்றில்லாத காலை வேளையில் லாட்டுக்குப் பத்துப் பத்தாக நான்கு க்ரூப் சுடச் சொல்லுங்கள். சிறந்த லாட்டையே சீசன் முழுக்கப் போதுமான அளவு வாங்கிவிடுங்கள். மிச்சம், காற்றைக் காட்டும் கொடியைப் படிக்கும் பயிற்சி.

கேள்வி: ட்விஸ்டும் சரி, தோட்டாவும் பழையதுதான். இருந்தும் என் .22-இல் ஓட்டை ஓரம் கிழிகிறது. ரைபிள் கடற்கரைப் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறது.
– வாசகர், தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: முதலில் அட்டையைப் பாருங்கள். பின்தாங்கல் இல்லாமல் தொய்வாகத் தொங்கும் நமுத்த தாளில் நல்ல புல்லட்டும் கிழித்துக்கொண்டுதான் போகும். புதுத் தாளை விறைப்பான அட்டையில் ஒட்டிச் சுட்டும் அப்படியே என்றால் மசிலுக்கு (பேரலின் வாய்க்கு) வாருங்கள். பேரலின் வாய் விளிம்பை டார்ச் அடித்து, பூதக்கண்ணாடியில் பாருங்கள். உப்புக் காற்றில் முதலில் துரு பிடிக்கும் இடங்களில் அது ஒன்று. விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் அரித்திருந்தால், புல்லட் வெளியேறும் கணத்தில் வாயு அந்தப் பக்கமாக முந்தி வந்து அடிப்பகுதியைத் தள்ளிவிடும். அதைத் துப்பாக்கி பழுதுபார்க்கும் உரிமம் பெற்றவர்தான் சீர்செய்ய வேண்டும். உப்புத்தாளைக் கையில் எடுக்காதீர்கள். விளிம்பு சுத்தம் என்றால் சேம்பருக்கு முன்னால் ஈயம் படிந்திருக்கலாம். பேட்ச் அங்கே இடறும். வெண்கல பிரஷ்ஷால் எடுக்கலாம். சுட்ட அன்றே மெல்லிய எண்ணெய், அடுத்த முறை சுடும் முன் உலர்ந்த பேட்ச். நுரைப் பஞ்சு வைத்த பெட்டியில் மாதக்கணக்கில் பூட்டி வைத்தால், பஞ்சு ஈரத்தைக் குடித்துத் துருவாகத் திருப்பித் தரும்.

கேள்வி: ஏர் ரைபிள் பெல்லட்டுக்கும் இந்தக் கணக்கு உண்டா?
– வாசகர், பண்ருட்டி

பதில்: இல்லை. இடுப்பு சிறுத்த அந்த பெல்லட்டைப் பெரும்பாலும் அதன் பாவாடைப் பகுதியில் விழும் காற்றிழுவையே நேராக்கிவிடும். 10 மீட்டருக்கு நீங்கள் பார்க்க வேண்டியது தலை விட்டம்: 4.49, 4.50, 4.51 மி.மீ. மூன்றையும் சுட்டுப் பார்த்து உங்கள் பேரலுக்குப் பிடித்ததை வையுங்கள்.