சைக்கிள் பந்தயம் இல்லாமல் ஃபோர்டும் இல்லை, ரைட் சகோதரர்களும் இல்லை

கேள்வி: கார், விமானம் எல்லாம் வந்த காலத்து அமெரிக்காவில் விளையாட்டுக்கும் கண்டுபிடிப்புக்கும் நேரடித் தொடர்பு ஏதாவது இருந்ததா? இல்லை இரண்டும் தனித்தனிக் கதைகளா?

நேரடித் தொடர்பு இருந்தது. எந்த விளையாட்டு என்று கேட்டால் சைக்கிள் பந்தயம். அந்தக் காலம் என்றாலே எல்லோரும் பேஸ்பாலைத்தான் சொல்வார்கள். பேஸ்பால் பெரிய வியாபாரம்தான், ஆனால் அதிலிருந்து எந்த இயந்திரமும் பிறக்கவில்லை. 1890களில் அமெரிக்காவைப் பிடித்து ஆட்டியது சைக்கிள் பைத்தியம். கார் செய்தவர்கள், விமானம் செய்தவர்கள் என்று நாம் படிக்கிற பெயர்களில் பாதிப்பேர் அந்தப் பைத்தியத்துக்குள்ளிருந்து வந்தவர்கள். எனக்குப் பழைய சைக்கிள் கதைகளில் கொஞ்சம் பித்து உண்டு, அதனால் பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மர்ஃபி கதையைச் சொல்லிவிடுகிறேன். 1899 ஜூன் 30. நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில், ஃபார்மிங்டேல், பாபிலோன் என்ற ஊர்ப்பக்கம் போகும் ரயில் பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பலகைகளை வரிசையாக அடித்து இரண்டு மைலுக்கு மேல் ஒரு தளம் போட்டிருந்தார்கள். சார்லஸ் மர்ஃபி புரூக்ளினைச் சேர்ந்த பந்தயக்காரர். எதிர்க்காற்றை மட்டும் மறைத்துவிட்டால் எந்த ரயில் இன்ஜினோடும் சமமாக சைக்கிள் ஓட்டுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். கேட்டவர்கள் சிரித்தார்கள். லாங் ஐலண்ட் ரயில் கம்பெனியில் இருந்த ஃபுல்லர்டன் என்ற அதிகாரிக்கு மட்டும் இதில் எவ்வளவு விளம்பரம் கிடைக்கும் என்று உடனே உறைத்தது. ஒரு இன்ஜின், ஒரே ஒரு பெட்டி. பெட்டியின் பின்பக்கம் கூரையும் பக்கவாட்டுத் தடுப்பும் வைத்துக் கட்டி, அந்தக் கூண்டுக்குள், பலகைத் தளத்தின் மேல் மர்ஃபி சைக்கிள் ஓட்டிக்கொண்டு வர வேண்டியது. ஜூன் 21 அன்று முயன்றபோது இன்ஜினால் வேகம் பிடிக்க முடியாமல் ஒரு நிமிடத்தைக் கொஞ்சம் தாண்டிவிட்டது. ஆமாம், சைக்கிள்காரர் தயாராக இருந்தார், இன்ஜின்தான் சொதப்பியது. இரண்டாவது முறை வேறு இன்ஜின். ஒரு மைல் தூரத்தை 57.8 விநாடியில் முடித்தார், அதாவது மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர். இதில் பயங்கரமான இடம் ஒன்று உண்டு. மைல் முடிந்ததும் டிரைவர் நீராவியை அடைக்க, ரயில் சட்டென்று வேகம் குறைய, மர்ஃபி போன வேகத்தில் பெட்டியின் பின்புறத்தில் மோதினார். பலகைத் தளம் சீக்கிரம் முடியப் போகிறது, அதற்கப்புறம் வெறும் கட்டையும் ஜல்லியும். பெட்டியின் பின்மேடையில் நின்றவர்கள் குனிந்து அவருடைய கையைப் பிடித்து ஆளையும் சைக்கிளையும் சேர்த்து மேலே இழுத்துப் போட்டார்கள். மனிதர் பிழைத்தார். பிற்பாடு நியூயார்க் போலீஸில் சேர்ந்தார்.

சர்க்கஸ் மாதிரி இருக்கிறது அல்லவா, இதில் என்ன கண்டுபிடிப்பு என்று கேட்கலாம். பஸ்ஸுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டிய யாருக்கும் அந்த சுகம் தெரியும், திடீரென்று பெடல் காலோடு தானாகச் சுற்றும். (செய்யாதீர்கள்.) வேகமாகப் போகிறவனுக்குப் பெரிய எதிரி காற்று என்பதைப் பந்தயக்காரர்கள் உடம்பால் படித்து வைத்திருந்தார்கள். அடுத்து இரண்டே வருஷத்தில், 1901ல், ஓஹையோ மாநிலம் டேட்டனில் ஒரு சைக்கிள் கடைக்காரர் தன் சைக்கிளின் ஹேண்டில்பாருக்கு முன்னால் மூன்றாவதாக ஒரு வீலைப் படுக்கை வாட்டில் பொருத்தி, அதில் ஒரு சிறிய இறக்கை வடிவத்தையும் ஒரு தட்டையான தகட்டையும் நிறுத்தி, தெருவில் வேகமாக மிதித்துக்கொண்டு போனார். எதிர்க்காற்று எதை எவ்வளவு தள்ளுகிறது என்று பார்க்கத்தான். வில்பர், ஆர்வில் ரைட் சகோதரர்களின் கடை அது. இந்தச் சோதனை போதாது என்று தெரிந்த பிறகுதான் காற்றுச் சுரங்கப் பெட்டி, அதாவது விசிறியால் காற்றை ஊதி இறக்கை மாதிரிகளைச் சோதிக்கும் பெட்டி, செய்தார்கள்.

ரைட் சகோதரர்களை 'சைக்கிள் மெக்கானிக்குகள்' என்று ஏதோ ஆச்சரியக்குறி போட்டு எழுதுவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். சைக்கிள் கடை வைத்திருந்தும் விமானம் செய்தார்கள் என்ற தொனி. வைத்திருந்ததால் செய்தார்கள் என்பதே சரி. 1892ல் கடை திறந்தார்கள், 1896 முதல் சொந்தமாகவே சைக்கிள் செய்து விற்றார்கள், ஆர்வில் உள்ளூர்ப் பந்தயங்களில் கலந்துகொண்டவர். அக்காலத்தில் பறக்க நினைத்த பலரும் கப்பல் போலத் தானாகவே நிலையாக நிற்கிற ஒரு இயந்திரத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். சைக்கிள் அப்படி நிற்காது. விட்டால் விழும், ஓட்டுகிறவன் ஒவ்வொரு கணமும் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும், திரும்புவதென்றால் சாய வேண்டும். விமானத்தையும் அப்படியே ஓட்டலாம் என்று இவர்களுக்குத் தோன்றியது. 1899ல் வில்பர் கடையில் ட்யூப் வந்த காலி அட்டைப் பெட்டியைக் கையில் வைத்து முறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் இறக்கையையும் இப்படி முறுக்கிச் சாய்க்கலாம் என்று யோசனை வந்தது. 1903 டிசம்பர் 17ல் கிட்டி ஹாக்கில் 12 விநாடி பறந்த அந்த விமானத்தில் இன்ஜினிலிருந்து விசிறிக்குச் சக்தியைக் கொண்டுபோனது செயினும் பல்சக்கரமும். அது ஓடிவந்த தண்டவாளத்தில் உருண்டவை சைக்கிள் ஹப்புகள்.

இந்த சைக்கிள்கள் இத்தனை மலிவாக இத்தனை நிறைய எப்படி வந்தன என்பதற்கு ஆல்பர்ட் போப் என்பவரைப் பார்க்க வேண்டும். உள்நாட்டுப் போரில் சண்டை போட்டவர், அதனால் கடைசிவரை கர்னல் போப். 1878ல் இங்கிலாந்திலிருந்து வந்த பெரிய சக்கர சைக்கிள் ஒன்றைக் கொண்டுபோய் ஹார்ட்ஃபோர்டில் இருந்த வீட் தையல் மெஷின் தொழிற்சாலையில் காட்டி, இதே மாதிரி 50 செய்து கொடுங்கள் என்று ஆர்டர் கொடுத்தார். துப்பாக்கிக்கும் தையல் மெஷினுக்கும் ஒரே அளவில் பாகங்கள் அடிக்கத் தெரிந்த ஊர் அது. ஒரு சைக்கிளின் பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் மாட்டினால் அப்படியே உட்காரும். பின்னால் கார் கம்பெனிகளுக்குத் தேவைப்பட்ட பால்ரஸ், இரும்புக் குழாய் ஃப்ரேம், காற்றடைத்த டயர், தகட்டை அச்சில் அடித்துப் பாகம் செய்வது எல்லாம் சைக்கிளுக்காகப் பழகிய வேலைகள். 1890களின் பிற்பகுதியில் வருஷத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் சைக்கிள் செய்தார்கள். நல்ல ரோடு கேட்டு முதலில் கூச்சல் போட்டதும் சைக்கிள்காரர்கள்தான். போப் அதற்குப் பணம் கொடுத்தார், 1893ல் விவசாயத் துறைக்குள் சாலைகளுக்கென்று ஒரு சிறு அலுவலகம் வந்தது. பிறகு உற்பத்தி மிஞ்சி விலை சரிந்தது, 1907ல் போப் கம்பெனி திவாலானது. அந்த ரோட்டில் கார்கள் ஓடின.

சரி, ஃபோர்டுக்கு வருவோம். 1896 ஜூனில் ஹென்றி ஃபோர்டு முதன்முதலில் ஓட்டிய வண்டி ஏறக்குறைய நாலு சைக்கிள் வீல் மேல் உட்கார்ந்த இன்ஜின்தான், செயினால் ஓடியது, ரிவர்ஸ் கிடையாது. ஷெட்டில் செய்து முடித்த பிறகுதான் கதவு வழியாக வெளியே போகாது என்று தெரிந்து, கோடாலியால் சுவரை உடைத்தார். அதற்கப்புறம் ஆரம்பித்த முதல் கம்பெனி படுத்துவிட்டது. அவரைத் தூக்கி நிறுத்தியது பந்தயம். 1901 அக்டோபரில் டெட்ராய்ட் பக்கத்தில் கிராஸ் பாயிண்ட் மைதானத்தில் அன்றைய பெரிய கார் முதலாளியான அலெக்சாண்டர் விண்டனைத் தோற்கடித்தார். விண்டனும் சைக்கிள் தயாரித்துத் தொடங்கியவர் என்பதைக் கவனியுங்கள். அந்த ஒரு வெற்றிக்குப் பிறகு முதலீட்டாளர்கள் திரும்பி வந்தார்கள்.

அவர்களோடும் ஃபோர்டுக்குச் சண்டை வந்து வெளியேறிய பிறகு, 1902ல் கைகோத்தவர் டாம் கூப்பர். பணக்கார சைக்கிள் சாம்பியன். இரண்டு பேரும் செய்த ராட்சச வண்டிக்கு ஒரு புகழ்பெற்ற ரயில் இன்ஜினின் எண்ணையே, 999, பெயராக வைத்தார்கள். சுமார் 19 லிட்டர் இன்ஜின், மேலே மூடி கிடையாது, எண்ணெய் முகத்தில் தெறிக்கும். ஸ்டியரிங் வீல் என்று ஒன்று இல்லை, இரண்டு கையாலும் பிடித்துத் திருப்ப ஒரு இரும்புக் கம்பி. அதில் உட்கார ஃபோர்டும் கூப்பரும் தயங்கினார்கள். கூப்பர் ஆளனுப்பிக் கூப்பிட்டது பார்னி ஓல்ட்ஃபீல்டு என்ற இன்னொரு சைக்கிள் பந்தயக்காரரை. அவருக்கு அதற்குமுன் கார் ஓட்டியே பழக்கமில்லை. சில நாள் பழகிவிட்டு, 1902 அக்டோபர் 25ல் ஐந்து மைல் பந்தயத்தை 5 நிமிடம் 28 விநாடியில் ஓட்டி, விண்டனை மறுபடி தோற்கடித்தார். திருப்பத்தில் வேகத்தைக் குறைக்காமல் போனதற்கு மரப்பலகை வளையத்தில் சைக்கிள் ஓட்டிய துணிச்சல்தான் காரணம் என்று நினைக்கிறேன். அடுத்த ஜூனில் ஃபோர்டு மோட்டார் கம்பெனி பிறந்தது. அதே மாதம் ஓல்ட்ஃபீல்டு இண்டியானபொலிஸில் வட்டப் பாதையில் ஒரு மைலை ஒரு நிமிடத்துக்குள் ஓட்டிக் காட்டினார். மர்ஃபி காலால் மிதித்து முடித்த அதே மைல், நாலு வருஷம் கழித்து.

இண்டியானபொலிஸ் என்றதும் மேஜர் டெய்லரைச் சொல்லாமல் விட முடியாது. உண்மையில் இந்த மொத்தக் கதையிலும் பெரிய விளையாட்டு வீரர் அவர்தான். 1878ல் அந்த ஊரில் பிறந்த கறுப்பினச் சிறுவன். அப்பா ஒரு பணக்கார வெள்ளைக் குடும்பத்தில் கோச் வண்டி ஓட்டியவர், அந்த வீட்டுப் பையனோடு விளையாடி வளர்ந்ததில் கிடைத்ததுதான் முதல் சைக்கிள். பிறகு ஒரு சைக்கிள் கடை வாசலில் ராணுவச் சீருடை மாட்டிக்கொண்டு வித்தை காட்டுவது வேலை, அந்த உடையால்தான் 'மேஜர்' என்று பெயர். 1894ல் அமெரிக்க சைக்கிள்காரர்களின் பெரிய சங்கம் கறுப்பர்களுக்கு உறுப்பினர் உரிமை கிடையாது என்று முடிவெடுத்தது. 1896ல் டெய்லர் ஊர் மைதானத்தில் கடிகாரம் வைத்து ஒரு மைல் ஓட்டி அங்கிருந்த சாதனையை முறியடித்தார், பரிசாக அந்த மைதானத்தில் தடை கிடைத்தது. அதே டிசம்பரில் 18 வயதில் நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் ஆறு நாள் பந்தயத்தில் இறங்கினார். தூங்க நேரம் ஒதுக்க மாட்டார்கள், யார் குறைவாகத் தூங்குகிறானோ அவன் முன்னால். கடைசி நாட்களில் கத்தியோடு ஒருவன் தன்னைத் துரத்துகிறான் என்று பிதற்றும் நிலையிலும் 1,732 மைல் ஓட்டி எட்டாவதாக வந்தார். 1897ல் டாண்டன் என்ற ஊரில் பந்தயம் முடிந்ததும் ஒரு வெள்ளை வீரர் அவருடைய கழுத்தை நெரித்து மயக்கமடைய வைத்தார். 1899ல் மாண்ட்ரியலில் ஒரு மைல் பந்தயத்தில் உலக சாம்பியன். ஞாயிற்றுக்கிழமை பந்தயம் ஓட மாட்டேன் என்று மத நம்பிக்கையால் பெரும் தொகைகளை உதறியவர். ஐரோப்பாவும் ஆஸ்திரேலியாவும் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடின. 1932ல் சிகாகோவில் ஒரு தர்ம ஆஸ்பத்திரி வார்டில் இறந்தபோது கையில் காசில்லை.

சைக்கிள் பந்தயத்திலிருந்து கார் பந்தயத்துக்குத் தாவிய வெள்ளை வீரர்களுக்குக் கிடைத்த அந்த இரண்டாவது வாய்ப்பு டெய்லருக்கு இருந்ததே இல்லை. இது என் ஊகம் மட்டும் இல்லை. 1910ல் குத்துச்சண்டை உலக சாம்பியன் ஜாக் ஜான்சனோடு ஓல்ட்ஃபீல்டு கார் பந்தயம் ஓட்டினார், ஜான்சன் கறுப்பர், அதற்காகவே கார் பந்தயச் சங்கம் ஓல்ட்ஃபீல்டை இடைநீக்கம் செய்தது.

இண்டியானபொலிஸில் சைக்கிள் கடை வைத்திருந்த கார்ல் ஃபிஷர், விளம்பரத்துக்காக இரண்டு கட்டடங்களுக்கு நடுவே கம்பி மேல் சைக்கிள் ஓட்டியவர், 1909ல் நண்பர்களோடு சேர்ந்து பெரிய கார் பந்தய மைதானத்தைக் கட்டினார். 1911ல் இண்டி 500 என்ற 500 மைல் கார் பந்தயம் முதன்முதலாக அங்கே நடந்தது. அதில் ஒரு கறுப்பின ஓட்டுநர் கலந்துகொள்ள 1991 ஆகிவிட்டது, வில்லி டி. ரிப்ஸ். டெய்லரைத் தடை செய்த அதே ஊர் 1982ல் ஒரு சைக்கிள் பந்தய வளையம் கட்டி அதற்கு மேஜர் டெய்லர் பெயரை வைத்தது.